விலை ஓடவில்லை!

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ந் தேதி. புதன்கிழமை. காலை மணி 10-ஐத் தாண்டி சில நிமிடங்கள் ஆகி இருந்தன.

மும்பையிலும் மற்ற ஊர்களிலும் ஷேர் வியாபாரம் செய்பவர்கள் கம்ப்யூட்டரையும் செல்போனையும் பார்த்தபடி உட்கார்ந்து இருந்தார்கள். தேசிய பங்குச் சந்தையின் "நிப்டி" எண் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடிக்கொண்டு இருந்தது. திடீரென்று அது நின்றுவிட்டது!

சிலர் செல்போனை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். சிலர் வீட்டு இன்டர்நெட்டைச் சந்தேகப்பட்டார்கள். "உங்களுக்கு ஓடுதா? எனக்கு நின்னு போச்சு" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

நின்றது எண் மட்டும்தான். வியாபாரம் நிற்கவில்லை. பங்குகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எந்த எண்ணைப் பார்த்து ஆப்ஷன் வாங்குகிறார்களோ, விற்கிறார்களோ, அந்த எண் கண்ணுக்குத் தெரியவில்லை. முள் இல்லாத தராசில் எடை போடுவது போல ஆயிற்று.

காலை 11.40 மணிக்கு முன்பேர வியாபாரம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில நிமிடங்களில் ரொக்க வியாபாரமும் நின்றது. நாட்டின் பங்கு வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நடக்கும் சந்தை அது. மறுநாள் 25-ந் தேதி, அந்த மாதத்து முன்பேரக் கணக்கைத் தீர்க்கவேண்டிய நாள். இந்த நேரத்தில் கதவு சாத்தப்பட்டது.

எப்போது திறக்கும்? யாருக்கும் தெரியாது.

மாலை 3.20-க்கு நடந்தது

மற்றவர்களைவிட அதிகமாகத் தவித்தவர்கள் "இன்ட்ரா டே" வியாபாரிகள். அன்று வாங்கியதை அன்றே விற்கவேண்டும். அல்லது முதலில் விற்றுவிட்டு, அன்றைக்குள் திரும்ப வாங்கிக் கொடுக்கவேண்டும். இதில் கைப்பணம் கொஞ்சம். புரோக்கர் கொடுக்கும் கடன் அதிகம். ஆகவே 3.30 மணிக்குச் சந்தை மூடும் முன்பு, வியாபாரி தானாகக் கணக்கை முடிக்காவிட்டால் புரோக்கரே முடித்துவிடுவார்.

அன்று மணி 3-ஐத் தாண்டியும் தேசிய சந்தை திறக்கவில்லை. நேரம் நீட்டிக்கப்படுமா என்பதும் தெளிவாகவில்லை. பல புரோக்கர்கள் மேலும் காத்திருக்கப் பயந்தார்கள். பம்பாய் பங்குச் சந்தை மட்டும் இயங்கிக்கொண்டு இருந்தது. வாடிக்கையாளர்களின் கணக்கை அங்கே கொண்டுபோய், கிடைத்த விலைக்கு முடித்தார்கள்.

அதன்பிறகு அறிவிப்பு வந்தது. தேசிய சந்தை 3.45-க்குத் திறக்கும், 5 மணி வரை நடக்கும்!

திறந்ததும் விலைகள் பாய்ந்து ஏறின. தனியார் வங்கிகள் எல்லாவற்றுக்கும் அரசாங்க வரவு செலவை நடத்த அனுமதி கிடைக்கும் என்ற செய்தி அன்று பிற்பகல் வந்து இருந்தது. வங்கிப் பங்குகள் துள்ளின. சென்செக்ஸ் அன்று 1,030 புள்ளி உயர்ந்து 50,782-க்கு அருகில் முடிந்தது. நிப்டி 274 புள்ளி உயர்ந்தது.

காலையில் வங்கிப் பங்கை வாங்கி வைத்தவனுக்கு இது நல்ல நாளாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அவனுடைய பங்கு 3.20-க்கே விற்கப்பட்டுவிட்டது. ஏற்றத்தைக் கரையில் நின்று பார்த்தான்.

இதைவிடச் சங்கடப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் வியாபாரம் வைத்து இருந்தவர்கள். பங்கை வாங்கி, நஷ்டத்துக்குப் பாதுகாப்பாக அதே பங்கை முன்பேரத்தில் விற்று இருப்பார்கள். வாங்கிய பக்கத்தைப் புரோக்கர் முடித்துவிட்டார். விற்ற பக்கம் பூட்டிய தேசிய சந்தைக்குள் கிடந்தது. சந்தை திறந்து விலை ஏறியபோது பாதுகாப்பு என்று வைத்ததே நஷ்டமாக மாறிவிட்டது.

பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். மாதுங்காவிலோ, செம்பூரிலோ, முலுந்திலோ குடியிருக்கும் ஒரு குமாஸ்தா, சம்பளத்தில் மிச்சம் பிடித்த 20 ஆயிரம், 30 ஆயிரத்தைப் போட்டு வியாபாரம் செய்தால் அவன் கதி என்ன?

மண்வெட்டி செய்த வேலை

இவ்வளவுக்கும் காரணம் என்ன? சந்தையின் பெரிய கம்ப்யூட்டர் வெடித்துவிட்டதா? யாராவது திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தார்களா? இல்லை.

சந்தை கொடுத்த விளக்கம் இது: சந்தையின் இரண்டு கம்ப்யூட்டர் நிலையங்களை இணைக்கும் டெலிபோன் கம்பெனிகளின் கேபிள்கள் தடுமாறின. இரண்டு கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கி இருந்தும் இரண்டுமே தடுமாறின. அந்த நிலையங்களுக்கு இடையே சாலையில் நடந்த தோண்டும் வேலையும், கட்டிட வேலையும் கேபிளைப் பாதித்ததாக டெலிபோன் கம்பெனிகள் சொல்லின. இந்தத் தடங்கலால், ஒவ்வொரு புரோக்கரும் எவ்வளவு ஆபத்துக்கு உட்பட்டு இருக்கிறார் என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கும் பகுதி செயலிழந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் வியாபாரத்தை நடத்த முடியாது என்று நிறுத்தினார்கள்.

மும்பையில் இருப்பவர்களுக்குச் சாலை தோண்டும் வேலையைப் பற்றி விளக்க வேண்டியது இல்லை. ஒருவர் மூடிவிட்டுப் போனால் அடுத்தவர் தோண்ட வருவார்! தண்ணீர் நிற்பது உண்டு, போன் நிற்பது உண்டு. நாட்டின் பங்கு வியாபாரமே நாலு மணி நேரம் நின்றதுதான் புதுமை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மும்பையில் விபத்து நேர்ந்தால் வியாபாரத்தை வேறு ஊரில் இருந்து நடத்துவதற்காகத் தேசிய சந்தை வைத்து இருக்கும் மாற்று நிலையம் சென்னையில் இருக்கிறது. அன்று வியாபாரம் சென்னைக்கு மாற்றப்படவில்லை. ஏன் மாற்றவில்லை என்று அன்றே பலரும் கேட்டார்கள்.

அடுத்த மாதமே "செபி" ஓர் உத்தரவு போட்டது. கோளாறு ஏற்பட்டு 30 நிமிடத்துக்குள் அது விபத்துதானா என்று சந்தை முடிவு செய்யவேண்டும். விபத்து என்று அறிவித்துவிட்டால் 45 நிமிடத்துக்குள் மாற்று நிலையத்தில் வேலை தொடங்கவேண்டும். உத்தரவு வந்தது நல்லதுதான். 24-ந் தேதிக்கு முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இது முதல் தடவையும் அல்ல. 2014-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி பம்பாய் பங்குச் சந்தை சுமார் 3 மணி நேரம் முடங்கியது. 2017-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி காலையில் தேசிய சந்தையில் பங்கு விலைகள் சரியாக வராமல் வியாபாரம் தடைப்பட்டது, பகல் 12.30-க்குத்தான் ஒழுங்காகத் தொடங்கியது.

விலை வரும் வழி

சந்தையே நின்றுபோவது எப்போதோ ஒரு நாள். ஊர் முழுவதும் தெரிந்துவிடும். பத்திரிகையில் வரும். மந்திரிகள்கூட விசாரிப்பார்கள்.

வியாபாரிகளின் அன்றாடத் தலைவலி வேறு. சந்தை நன்றாக ஓடிக்கொண்டு இருக்கும். தன் செல்போனில் மட்டும் விலை நின்றுபோகும். அல்லது பின்தங்கி வரும். அதைவிட மோசம், விலை நின்றதே தெரியாமல் இருப்பது. திரையில் 112 என்று இருக்கிறது. வியாபாரி 112 என்றே நம்புகிறான். உண்மையில் விலை 90-க்கு இறங்கி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது!

இது எப்படி நேருகிறது என்று தெரிந்துகொள்ள விலை வரும் வழியைப் பார்க்கவேண்டும்.

வாங்குபவரின் ஆர்டரும் விற்பவரின் ஆர்டரும் சந்தையின் கம்ப்யூட்டரில் சந்திக்கின்றன. அங்கே பிறப்பதுதான் உண்மையான விலை. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான மாறுதல்கள் நடக்கின்றன. அந்த மாறுதல்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது. அதை வாங்கிப் பயன்படுத்தத் தனிக் கேபிளும், தனிக் கம்ப்யூட்டரும் வேண்டும். பெரிய புரோக்கர்களும், கம்ப்யூட்டரே ஆர்டர் போடும்படி வைத்து இருக்கும் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மற்றவர்களுக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஓடும் ரெயிலை நொடிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு போட்டோக்களுக்கு இடையே ரெயில் எங்கே இருந்தது என்பது பார்ப்பவனுக்குத் தெரியாது.

சந்தையில் இருந்து கிளம்பிய விலை முதலில் புரோக்கரின் கம்ப்யூட்டருக்கு வருகிறது. சில புரோக்கர்கள் விலைச் செய்தியை விற்கும் வேறு கம்பெனிகளிடம் வாங்குகிறார்கள். அப்படியானால் இடையில் இன்னும் ஒரு கை. அங்கே இருந்து இன்டர்நெட் வழியாக லட்சக்கணக்கான செல்போன்களுக்குப் போகவேண்டும். கடைசியில் சயானுக்கும் தாதருக்கும் நடுவே, கூட்டம் நெருக்கும் லோக்கல் ரெயிலில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் செல்போனுக்கு வந்து சேருகிறது.

இத்தனை கைமாறி வருவதற்குள் ஏதாவது ஒரு கை சோர்ந்துபோனால் போதும்.

எந்த நாட்களில் சோர்ந்துபோகிறது? பட்ஜெட் தினம். தேர்தல் முடிவு தினம். கணக்குத் தீர்க்கும் தினம். போர்ச் செய்தி வந்த தினம். காலை 9.15-க்குச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்கள். அதாவது, விலை வேகமாக மாறும்போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போதும்தான் விலை வராது. சாதாரண நாளில் நன்றாக ஓடும். மழை இல்லாத நாளில் ஒழுகாத கூரை மாதிரி!

இதனால் எவ்வளவு நஷ்டம் வரும்? ஓர் உதாரணம். 2021 பிப்ரவரியில் நிப்டி ஆப்ஷன் ஒரு லாட் என்பது 75. ஒருவர் 100 ரூபாய் விலையில் ஒரு லாட் வாங்குகிறார். முதல் 7,500 ரூபாய். திரையில் 112 என்று காட்டுகிறது. 900 ரூபாய் லாபம். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்து இருக்கிறார். எண் அசையவில்லை. சந்தை அமைதியாக இருக்கிறது என்று நினைக்கிறார். இரண்டு நிமிடம் கழித்துத் திரை உயிர்பெற்று 70 என்று காட்டுகிறது. 900 ரூபாய் லாபம் 2,250 ரூபாய் நஷ்டமாக மாறிவிட்டது. பதறிப்போய் "கிடைத்த விலைக்கு விற்கவும்" என்று ஆர்டர் போடுகிறார். அது 66-க்கு விற்கிறது. இதில் அவர் செய்த தவறு என்ன? திரையை நம்பியதுதான்!

எல்லாமே கோளாறா?

புரோக்கர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வருகிற புகார்கள் எல்லாமே கோளாறு அல்ல என்கிறார்கள். அது உண்மைதான்.

திரையில் பெரிய எழுத்தில் இருப்பது கடைசியாக வியாபாரம் நடந்த விலை. அதே விலைக்கு இப்போது வாங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. அதிகம் வியாபாரம் ஆகாத ஆப்ஷனில் கடைசி வியாபாரம் அரை மணி நேரத்துக்கு முன்பு நடந்து இருக்கலாம். அந்த விலை பெரிய எழுத்தில் அப்படியே நிற்கும். கீழே சின்ன எழுத்தில் வாங்குவோர் கேட்கும் விலை, விற்போர் சொல்லும் விலை என்று ஐந்து ஐந்து வரிசைகள் இருக்கும். உண்மை நிலவரம் அங்கேதான் இருக்கிறது. காய்கறிக் கடையில் "நேற்று தக்காளி 20 ரூபாய்க்குப் போச்சு" என்றால் இன்று 20 ரூபாய்க்குக் கிடைக்குமா? அதுபோலத்தான்.

இரண்டு ஆப்களில் ஒரே பங்கின் "சார்ட்" வேறு வேறாகத் தெரிகிறது என்பது இன்னொரு புகார். போட்டோ எடுத்த நேரம் வேறானால் படமும் வேறாகத்தான் இருக்கும். ஒன்றில் அந்த நிமிடத்தின் உச்ச விலை 251 என்றும், மற்றொன்றில் 250.60 என்றும் வரலாம். மற்றபடி, மாலையில் வரும் இறுதி விலையும் குழப்பத்தைக் கிளப்பி இருக்கிறது. கடைசி அரை மணி நேரத்து வியாபாரத்தின் சராசரியை இறுதி விலையாக வைப்பது நெடுங்காலமாக இருந்து வந்த முறை. கடைசி வியாபாரத்தின் விலையோடு அது ஒத்துப்போகாது. ஆப் பொய் சொல்கிறது என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

ஆனால் இந்த விவரங்களைக் கணக்குத் தொடங்கும்போது யார் சொல்கிறார்கள்? ஐந்து நிமிடத்தில் கணக்குத் திறக்கலாம் என்ற விளம்பரம்தான் கண்ணில் படுகிறது.

படகில் வந்த செய்தி

விலை முதலில் யாருக்குத் தெரிகிறதோ அவருக்கே லாபம் என்பது இந்த ஊரில் புதிது அல்ல.

1860-களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கே இருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது நின்றது. பம்பாய்ப் பருத்திக்கு மவுசு வந்தது. லண்டனிலும் லிவர்பூலிலும் பருத்தி என்ன விலை என்பது கப்பலில்தான் வந்து சேரவேண்டும். அந்நாளில் பெரும் புள்ளியாக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்த், கப்பல் துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்பே கடலுக்குள் படகு அனுப்பிச் செய்தியை வாங்கிவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். மற்றவர்கள் கரையில் காத்து இருப்பார்கள். 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. பம்பாயில் பல பணக்காரர்கள் ஓட்டாண்டிகள் ஆனார்கள். பிரேம்சந்தும் தப்பவில்லை. கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கிறவர்கள் அண்ணாந்து மணி பார்க்கும் ராஜாபாய் கோபுரம் அவர் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டது. அவருடைய தாயாரின் பெயர்தான் ராஜாபாய்.

பம்பாய் பங்குச் சந்தை 1875-ல் சங்கமாக ஆரம்பிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாய்தான் கம்ப்யூட்டர்! தலால் தெருவில் வட்டமாக நின்று கத்துவார்கள். கைவிரலால் ஜாடை காட்டுவார்கள். வெளியூர் வாடிக்கையாளருக்கு டிரங்க் கால். சாமானியனுக்கு மறுநாள் காலைப் பத்திரிகை. புரோக்கர் "இன்ன விலைக்கு வாங்கினேன்" என்று சீட்டுக் கொடுத்தால் அதுதான் விலை. அதற்கு மேல் கேட்க வழி இல்லை.

1994-ம் ஆண்டு நவம்பரில் தேசிய சந்தையில் கம்ப்யூட்டரில் பங்கு வியாபாரம் ஆரம்பமானது. 1995-ல் தலால் தெருவும் கம்ப்யூட்டருக்கு மாறியது. சத்தம் ஓய்ந்தது. எத்தனை மணி, எத்தனை நிமிடத்தில், என்ன விலைக்கு வியாபாரம் நடந்தது என்று பதிவானது. சாமானியனுக்கு அது பெரிய நன்மை. அதை மறுக்க முடியாது.

எண்ணை வைத்துச் சூதாடுவதும் இந்த ஊருக்குப் பழக்கம்தான். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை பம்பாய்க்குத் தந்தியில் வரும். அந்த எண் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். 1961-ல் அந்த எண் வருவது நின்றது. ஆட்டம் நின்றதா? பானைக்குள் சீட்டைப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் மட்கா! மில் தொழிலாளர்களின் சம்பளம் எவ்வளவு அதில் கரைந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்றைக்கு "டப்பா" வியாபாரம் அதன் தம்பி. சந்தைக்கு ஆர்டரே போகாது. சந்தையின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, தனி ஆளிடம் பந்தயம். சட்டப்படி குற்றம். விலையில் தகராறு வந்தால் ரசீதும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. இன்னும் சில மோசடி ஆப்களில் விலையும் லாபமும் மொத்தமுமே கற்பனை. பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுதான் வேஷம் கலையும்.

முதல் ஆள், கடைசி ஆள்

கடலில் படகு விட்ட கதையைக் கம்ப்யூட்டர் காலம் மாற்றிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2010-ல் தேசிய சந்தை தன் கட்டிடத்திலேயே புரோக்கர்களின் கம்ப்யூட்டர்களை வைக்க இடம் வாடகைக்குக் கொடுத்தது. அருகில் இருந்தால் விலை சீக்கிரம் வரும். அதில் ஒளிவு மறைவு இல்லை. பணம் கொடுத்தால் இடம். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் விலைச் செய்தி வரிசையாகத்தான் போனது. முதலில் இணைப்பு வாங்கியவருக்கு முதலில், அடுத்தவருக்கு அடுத்தது. காலையில் முந்திக்கொண்டு நுழைந்தவர் நாள் முழுவதும் முன்னால் இருக்கலாம். வித்தியாசம் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துணுக்குதான். கம்ப்யூட்டருக்கு அது போதும்.

2015-ல் ஒருவர் பெயரைச் சொல்லாமல் செபிக்குக் கடிதம் எழுதினார். அதன் பிரதி பத்திரிகையாளர் சுசேதா தலாலுக்கும் வந்தது. "மணிலைப்" அதை வெளியிட்டது. சந்தை 100 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டது. பம்பாய் ஐகோர்ட்டு சந்தையின் கோரிக்கையை ஏற்கவில்லை. சந்தையே 50 லட்ச ரூபாய் கொடுக்கவேண்டும் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் உத்தரவிட்டது.

2019 ஏப்ரலில் செபி, சந்தை சுமார் 625 கோடி ரூபாயை வட்டியோடு கட்டவேண்டும் என்று சொன்னது. சந்தை அப்பீல் செய்தது. 2023 ஜனவரியில் அப்பீல் மன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது. போதிய கவனம் காட்டாததற்காக 100 கோடி ரூபாயை முதலீட்டாளர் நிதியில் கட்டும்படி சொன்னது. இதற்குள் வரிசை முறையும் மாறியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை 2014-லேயே வந்துவிட்டது. ஒன்றுவிடாத விலைச் செய்தியைப் புரோக்கர்களுக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று 2018-ல் செபி உத்தரவிட்டது.

லோக்கல் ரெயிலில் நிற்பவனுக்கு இதில் என்ன லாபம்? நேரடியாக ஒன்றும் இல்லை. அவன் கடைசி ஆள்.

கையெழுத்துப் போட்ட காகிதம்

நஷ்டப்பட்டவர் புரோக்கரிடம் போய்க் கேட்கிறார். "உங்கள் ஆப் நின்றதால் எனக்கு நஷ்டம். ஈடு கொடுங்கள்."

புரோக்கர் ஒரு காகிதத்தைக் காட்டுகிறார். கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட உரிமைகளும் கடமைகளும் அதில் இருக்கின்றன. இன்டர்நெட் வியாபாரத்தில் தடங்கல் வரலாம். எந்த நேரமும் சேவை கிடைக்கும் என்று புரோக்கரோ சந்தையோ உறுதி சொல்லவில்லை. தங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் இணைப்போ இயந்திரமோ பழுதானால் நஷ்டஈடு கேட்க முடியாது. இது புரோக்கர் தானாக எழுதிக்கொண்டது அல்ல. செபி வகுத்த வாசகம்!

"கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட" என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கு இருக்கிறது. புரோக்கர் போதிய கம்ப்யூட்டர் வைக்காதது அப்பாற்பட்ட காரணமா? வாடிக்கையாளர் எண்ணிக்கை பெருகியும் இணைப்பைப் பெருக்காதது அப்பாற்பட்டதா? இல்லை என்றுதான் நியாயம் தெரிந்தவர் சொல்வார். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு சின்ன ஆள் தலையில் விழுகிறது. விலை நின்ற நேரத்தில் திரையைப் படம் பிடித்து வைத்தவர் எத்தனை பேர்? அந்தப் பதற்றத்தில் யாருக்கு அது தோன்றும்?

2021 பிப்ரவரி முடக்கத்துக்காகத் தேசிய சந்தையும் அதன் கணக்குத் தீர்க்கும் நிறுவனமும் 2023-ல் செபியிடம் சமரசம் செய்துகொண்டு சுமார் 72 கோடி ரூபாய் கட்டின. அது போய்ச் சேருவது அரசாங்க கஜானாவுக்கு. 3.20-க்குக் கணக்கு முடிக்கப்பட்டவன் கைக்கு அதில் ஒரு காசும் வராது.

என்ன மாறியது?

சிலது மாறி இருக்கிறது. புரோக்கரின் இயந்திரம் தொடர்ந்து 5 நிமிடம் கோளாறாக இருந்தால் அதைச் சந்தைக்குத் தெரிவிக்கவேண்டும், காரணத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கவேண்டும் என்று 2022 நவம்பரில் செபி விதி செய்தது. 5 நிமிடம்! ஆப்ஷன் வியாபாரிக்கு 5 நிமிடம் என்பது ஒரு யுகம். இருந்தாலும் விதியே இல்லாத காலத்தைவிட இது மேல்.

புரோக்கரின் ஏற்பாடு முழுவதும் படுத்துவிட்டால், வாடிக்கையாளர் சந்தைகளின் பொது இணையதளம் வழியாக, கையில் இருக்கும் வியாபாரத்தை முடித்துக்கொள்ளும் வசதி 2023 அக்டோபரில் தொடங்கியது. புதிதாக வாங்குவதற்கு அல்ல; முடிப்பதற்கு மட்டும். இப்படி ஒன்று இருப்பது பல வியாபாரிகளுக்கு இன்னும் தெரியாது. ஒரு சந்தை நின்றால் மற்றது கைகொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

புகார் கொடுக்க செபியின் "ஸ்கோர்ஸ்" இணையதளம் இருக்கிறது. கட்டணம் இல்லை. முதலில் புரோக்கருக்கு எழுதி, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அங்கே போகலாம். வாயால் சொன்னது நிற்காது. தேதி, மணி, நிமிடம், ஆர்டர் எண், திரையின் படம் வேண்டும்.

அடிபட்ட வியாபாரிகள் தாங்களே சில பழக்கங்களை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு புரோக்கர்களிடம் கணக்கு வைப்பது. புரோக்கர் ஆபீசில் போனில் ஆர்டர் எடுக்கும் நம்பரைக் காகிதத்தில் எழுதி வைப்பது. ஏனென்றால் ஆப் நின்றுபோனால் அதில் இருக்கும் நம்பரும் கிடைக்காது. வாங்கிய கையோடு, நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டரையும் சந்தைக்கு அனுப்பிவிடுவது. அந்த ஆர்டர் சந்தையின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து இருக்கும். செல்போன் செத்தாலும் அது சாகாது. ஆனால் "கிடைத்த விலைக்கு" என்று அவசரத்தில் ஆர்டர் போடுவதைப் பலர் விட்டுவிட்டார்கள்.

விலை ஒழுங்காக ஓடினால் மட்டும் எல்லோரும் பணக்காரர் ஆகிவிடுவார்களா? முன்பேர வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நஷ்டம்தான் அடைந்தார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் கணக்குக் காட்டியது. மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! அவ்வளவும் நின்றுபோன திரையால் வந்தது அல்ல. விலை நன்றாக ஓடிய நாட்களிலும் போன பணம்தான் அதில் அதிகம். புரோக்கர்கள் இந்தக் கணக்கை அடிக்கடி எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் 93 பேர் தோற்கும் ஆட்டத்தில் திரையும் ஏமாற்றினால் அது தனிக் கொடுமை.

2024-ம் ஆண்டு மே 18-ந் தேதி சனிக்கிழமை. விடுமுறை நாளான அன்று சந்தையைத் திறந்தார்கள். காலையில் சிறிது நேரம் மும்பை நிலையத்தில் இருந்து வியாபாரம் நடந்தது. பிறகு நிறுத்தி, சென்னை நிலையத்துக்கு மாற்றினார்கள். இதேபோல மார்ச் 2-ந் தேதி சனிக்கிழமையும் ஓர் ஒத்திகை நடந்து இருந்தது. முற்பகலில் மீண்டும் சந்தை திறந்தபோது விலை சென்னையில் இருந்து வந்தது. மும்பையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எண் ஓடிக்கொண்டு இருந்தது.